அப்பா கேட்ட கறுப்பு

"பாப்பா, எந்தக் கறுப்பு?"

தொலைபேசியில் அப்பாவின் குரல். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், 39 முறை விண்வெளிக்குப் போய்வந்த டிஸ்கவரி ஓடம் தன் சொந்தச் சக்கரங்களில் நின்றுகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அப்போது காலை மணி 10.30. கோடைக் காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். கிள்ளானில் அப்பா சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, வழக்கமாகத் தூங்கும் நேரம் தாண்டியும் என் அழைப்புக்காக உட்கார்ந்திருந்தார்.

"கறுப்புதான்பா. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு" என்றேன்.

"டயரும் கறுப்பு, காக்காவும் கறுப்பு. நான் கேட்டது எந்தக் கறுப்புன்னு."

வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். மழையையும் சாலை நெரிசலையும் தீபாவளிக் கூட்டத்தையும் நேயர்கள் கண்முன் நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு பத்து ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "பார்த்துட்டுச் சொல்றேன்பா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அதன் பிறகுதான் உண்மையிலேயே பார்க்க ஆரம்பித்தேன்.

அப்பா கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பவர். 31 ஆண்டுகள் ஒரே பட்டறையில் வேலை. இடித்து நசுங்கிய கதவைத் தட்டி எடுத்து, பட்டி பூசித் தேய்த்து, பழைய நிறத்தோடு ஒட்டிப்போகும்படி புது நிறம் கலப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். வாடிக்கையாளர் வந்து, "எந்தக் கதவு இடிபட்டது?" என்று கேட்டால் அன்றைக்கு அப்பாவுக்குத் தீபாவளி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேறொரு பட்டறை உண்டு. சமையலறை மேசையில் பழைய நாளிதழை விரித்து பிளாஸ்டிக் மாடல்கள் செய்வார். பெட்டியில் தட்டுத் தட்டாக வரும் துண்டுகளை வெட்டி எடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து விமானமோ கப்பலோ ஆக்கும் அந்த வேலைதான். பட்டறையில் மிச்சமாகும் பெயிண்டில் கொஞ்சம் வீட்டுக்கு வரும். வீடு முழுக்கத் தின்னர் வாடை. அம்மா ஜன்னலைத் திறந்துவைத்துத் திட்டிக்கொண்டே இருப்பார்.

1994-இல் போனஸ் பணத்தில் அப்பா வாங்கிய ஒரு பெட்டி மட்டும் பிரிக்கப்படவே இல்லை. அமெரிக்க விண்வெளி ஓடம், 1/100 அளவு. நிஜத்தில் 100 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர். "பென்ஷன் வாங்கின பிறகு செய்றேன். இது அவசரத்துல செய்ற சாமான் இல்ல" என்பார். வேலையை விட்டு ஓய்ந்தபோது இனிப்பு நீர் கண்ணுக்கு வந்துவிட்டது. லேசர் சிகிச்சை பார்த்தோம். முகம் தெரிகிறது, நடமாட முடிகிறது. எழுத்து தெரியவில்லை. மாடலில் ஒட்ட வேண்டிய அரிசி அளவுத் துண்டுகள் சுத்தமாகத் தெரியவில்லை. பெட்டி அலமாரி மேலேயே இருந்தது.

அக்கா குடும்பத்தோடு மேரிலாந்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அப்பா அந்தப் பெட்டியை இறக்கித் துடைத்து மேசைமேல் வைத்தார். "அந்தப் பக்கம் ஒரு நிஜ ஓடம் இருக்காமே. போய்ப் பார்த்துட்டு வா. நீ செய், நான் சொல்றேன்." கூடவே கேள்விகளையும் சொன்னார். நான் கைப்பேசியில் தட்டிக்கொண்டேன். கறுப்பு எந்தக் கறுப்பு? வெள்ளை ஒரே வெள்ளையா? ஓடுகளுக்கு நடுவே கோடு தெரிகிறதா? பளபளப்பா, மங்கலா? அழுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது? கடைசியாக, அவர் பட்டறையில் வைத்திருந்த பழைய நிற அட்டையிலிருந்து சாம்பலும் கறுப்புமாக 12 துண்டுகளை வெட்டி ஒரு வளையத்தில் கோத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் பெரிய எழுத்தில் எண். "போட்டோவை நம்பாதே. ஒவ்வொரு லைட்டுக்கும் ஒவ்வொரு கலர் காட்டும். துண்டைத் தூக்கிப் பிடிச்சுக் கண்ணால பார்."

விண்வெளிக்குப் போன ஓடங்கள் மொத்தம் 5. சேலஞ்சர் 1986-லும் கொலம்பியா 2003-லும் விண்வெளி வீரர்களோடு அழிந்துபோயின. மிஞ்சிய மூன்றும் 2011-இல் ஓய்வு பெற்று மூன்று இடங்களில் இருக்கின்றன. அட்லாண்டிஸ் ஃபுளோரிடாவில், பறந்துகொண்டிருப்பதுபோல் சாய்த்து, சரக்கு அறைக் கதவுகளைத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அறையின் உட்புறத்தை மாடலில் செய்ய நினைப்பவர்கள் அங்கே போக வேண்டும். எண்டெவர் லாஸ் ஏஞ்சலிஸில் 2024 ஜனவரியில் ஏவுதளத்தில் நிற்பதுபோல் செங்குத்தாக நிறுத்தப்பட்டது. டிஸ்கவரி வாஷிங்டனுக்கு வெளியே, டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டியுள்ள உட்வார்-ஹேஸி மையத்தில் இருக்கிறது. (இது டெக்சஸ் டாலஸ் அல்ல. நானும் முதலில் அப்படித்தான் குழம்பினேன்.) தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தின் கிளை அது. நுழைவுக் கட்டணம் இல்லை. காரை நிறுத்தத்தான் காசு.

அப்பாவின் கேள்விகளுக்கு டிஸ்கவரிதான் சரியான ஆள். 2011 மார்ச் 9-ஆம் நாள் கடைசியாகத் தரையிறங்கியபோது இருந்த மேனியோடுதான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். கழுவி, பெயிண்ட் அடித்துப் புதிதாக்கவில்லை. 27 ஆண்டுகள் உழைத்த அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன.

உள்ளே நுழைந்து கொஞ்சம் நடந்தால் கீழ்த்தளத்தில் எஸ்ஆர்-71 உளவு விமானம். அதற்குப் பின்னால், அடுத்த கூடத்தின் நடுவே டிஸ்கவரியின் மூக்கு. உளவு விமானமும் கறுப்புதான், தலையிலிருந்து வால்வரை ஒரே கறுப்பு. அதைத் தாண்டி ஓடத்தின் அருகே போனபோதுதான் அப்பா கேட்டதன் அர்த்தம் எனக்கு எட்டியது. ஓடத்தின் அடிப்பக்கம் கறுப்பே இல்லை. ஆயிரக்கணக்கான கறுப்புகளும் சாம்பல்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

டிஸ்கவரி 37 மீட்டர் நீளம், இறக்கை விரிவு கிட்டத்தட்ட 24 மீட்டர். பூமிக்குத் திரும்பி வரும்போது காற்று மண்டலத்தில் உரசி, அதன் அடிப்பக்கம் 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும். உள்ளே இருப்பது அலுமினிய உடம்பு. அந்தச் சூட்டில் உருகிவிடும். அதனால்தான் உடம்பு முழுக்கக் கவசம். அதில் சுமார் 24,000 ஓடுகள். சிலிக்கா என்ற மணல் இனப் பொருளை நூல்போல் இழுத்துச் செய்தவை. ஓட்டின் உட்பகுதியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெறும் காற்று. மேலே மெல்லிய கண்ணாடிப் பூச்சு. வீட்டுக் கூரை ஓடு மாதிரி எல்லாம் ஒரே அச்சு அல்ல. உடம்பின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கியது. எந்த ஓடு எந்த இடத்துக்கு என்பதற்கு ஒவ்வொன்றிலும் எண் அச்சிட்டிருக்கிறார்கள். கம்பியருகே நின்று குனிந்து பார்த்தால் அந்த எண்களில் சில தெரிகின்றன.

ஓட்டை உடம்போடு பிடித்துவைத்திருப்பது சிலிகோன் பசை. நடுவே ஒரு மெத்தைத் துணி. இதைப் பிறகு அப்பாவிடம் சொன்னபோது, "சிலிகோனா? நம்ம பட்டறையில கண்ணாடிக்குப் போடுற சிலிகோனா?" என்று இரண்டு தரம் கேட்டார். அதன் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிற அட்டையை எடுத்தேன். 12 துண்டுகளில் ஒன்றை விரலில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அடிப்பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். 1-ஆம் எண், அப்பாவின் அசல் கறுப்பு. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஐந்தாறு ஓடுகளோடு மட்டும் அது பொருந்தியது. மீதி எல்லாம் அதைவிட வெளுப்பு. 4-ஆம் எண் நிறைய இடங்களில். 5-ஆம் எண் இன்னும் நிறைய. மூக்கின் பக்கவாட்டில் 7 வரை போனது. சில ஓடுகளில் எந்த அட்டைக்கும் அடங்காத ஒரு பழுப்பு.

காரணம் எளியது. பறந்து வரும் ஒவ்வொரு முறையும் சூட்டில் ஓடுகள் நிறம் வெளுக்கின்றன. அடிபட்டு உடைந்ததைப் பிடுங்கிவிட்டுப் புது ஓடு ஒட்டுவார்கள். புதியது கருகருவென்று, லேசான மினுமினுப்போடு இருக்கும். சுற்றியுள்ள பழைய ஓடுகள் சாம்பல் பூத்து, மினுமினுப்பு போய்க் கிடக்கும். ஓடத்தின் கறுப்பைப் படித்தால் எந்த ஓடு எப்போது வந்தது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

இதைக் குரல் பதிவாக்கி அப்பாவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. சிரிப்புச் சத்தம். "அப்போ புதுக் கதவு மாட்டின பழைய கார்னு சொல்லு!"

ஒரு பழைய காருக்குக் கடையில் வாங்கிய புதுக் கதவை மாட்டினால் அது தனியாகப் பல்லிளிக்கும். அதை மறைப்பதற்கே வாழ்நாளெல்லாம் நிறம் கலந்தவர் அவர். நாசாக்காரர்கள் மறைக்க முயலவே இல்லை என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம். "கஸ்டமர் வந்து கேட்கலையா?" என்றார்.

வெள்ளைக்கும் இதே கதைதான். தூரத்தில் பார்த்தால் ஓடத்தின் மேல்பாதி வழவழப்பான வெள்ளைச் சுவர்போல் இருக்கும். கிட்டே போனால் அது பெயிண்ட் அடித்த தகடு அல்ல, துணி. உள்ளே பஞ்சுபோல் சிலிக்கா இழை வைத்து, வரிசை வரிசையாகத் தையல் போட்ட விரிப்புகள். ரஜாய்ப் போர்வையில் தையல் விழுந்த இடம் உள்ளே போய் மற்ற இடம் உப்பி நிற்குமே, அப்படி. சூடு குறைவாகத் தாக்கும் மேல்புறத்துக்கு ஓடு தேவையில்லை. எடை குறைந்த துணியே போதும். தையல் பள்ளங்களில் அழுக்கு தங்கியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து விரிப்புகளே ஒன்று தந்தமாகவும் இன்னொன்று சுண்ணாம்பாகவும் இருக்கின்றன. விமானி அறை ஜன்னல்களைச் சுற்றி மட்டும் உண்மையான ஓடுகள், கறுப்பும் வெள்ளையுமாக. இந்த வித்தியாசம் நான் பார்த்த எந்தப் படத்திலும் எனக்குப் புரிந்ததில்லை. மாடல் செய்பவருக்கு இது தலைபோகிற விஷயம். துணி ஒளியை உள்வாங்கும், ஓடு கொஞ்சம் திருப்பித் தரும். இரண்டுக்கும் ஒரே வெள்ளையை அடித்தால் ஓடம் பொம்மையாகிவிடும்.

அழுக்கு எந்தத் திசையில் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. எல்லாக் கறைகளும் மூக்கிலிருந்து வாலை நோக்கியே நீள்கின்றன, காற்று ஓடிய வழியில். மழை நனைத்த சுவர்போல் மேலிருந்து கீழே இறங்கும் கறை நான் தேடிய அளவில் அகப்படவில்லை. பழசுபோல் காட்ட நினைத்து மாடலின் மேலிருந்து கீழே கறுப்புத் தண்ணீரை வழியவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. ஓடத்துக்கு அது ஆகாது.

நான் அட்டைத் துண்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதை ஒரு முதியவர் கவனித்துக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்தின் தொண்டூழிய வழிகாட்டி. அருகே வந்து, "இதற்கு பெயிண்ட் அடிக்கப் போகிறாயா?" என்று சிரித்தார். அப்பாவின் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் என்னை விடவில்லை. இடது இறக்கையின் முன்விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இறக்கைகளின் முன்விளிம்பிலும் மூக்கின் நுனியிலும் ஓடு கிடையாது. அங்கே சூடு 1,600 டிகிரி செல்சியசைத் தொடும், ஓடு தாங்காது. அதற்குப் பதில் கார்பன் இழையால் வலுவூட்டிய சாம்பல் நிறக் கவசங்கள், ஒவ்வோர் இறக்கைக்கும் 22. உடம்பை ஒட்டியது 1-ஆம் எண்; அங்கிருந்து வெளியே எண்ணிக்கொண்டு போக வேண்டும். அவர் விரலை நீட்டி எட்டு வரை எண்ணி நிறுத்தினார். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியாவின் இடது இறக்கையில், 2003 ஜனவரியில் புறப்பட்ட நேரத்தில் வெளிக் கலனிலிருந்து பிய்ந்து வந்த நுரைத் துண்டு மோதிய இடம் அதுதான். ஒரு கிலோகூட இல்லாத துண்டு. 16 நாள் கழித்துத் திரும்பியபோது அந்த ஓட்டை வழியாகச் சூடு உள்ளே புகுந்து, 7 பேரும் இறந்தார்கள். நான் அப்போது பள்ளி மாணவி. வகுப்பில் ஆசிரியை நாளிதழ்ப் படத்தைக் காட்டியது நினைவிருக்கிறது. என் முன்னே இருந்தது அதே அமைப்புகொண்ட டிஸ்கவரியின் எட்டாவது கவசம். பக்கத்திலிருந்த ஏழாவதும் ஒன்பதாவதும் போலவே, மங்கலான சாம்பல் நிறத்தில், நடுவே ஒரு மெல்லிய இணைப்புக் கோட்டோடு இருந்தது. அட்டையில் 8-ஆம் எண். குறித்துக்கொண்டேன்.

அந்த விபத்துக்குப் பிறகு முதலில் பறந்ததும் டிஸ்கவரிதான், 2005 ஜூலையில். அதிலிருந்து, அனைத்துலக விண்வெளி நிலையத்தை நெருங்கும் ஓடங்கள் மெதுவாக ஒரு குட்டிக்கரணம் போட்டு வயிற்றைக் காட்டும் வழக்கம் வந்தது. நிலையத்தில் இருப்பவர்கள் ஓடுகளைப் படம்பிடித்து அனுப்புவார்கள், எதுவும் உடைந்திருக்கிறதா என்று தரையில் ஆராய்வார்கள். அந்த முதல் பயணத்திலேயே இரண்டு இடங்களில் ஓடுகளுக்கு இடையே செருகியிருந்த இடைவெளி நிரப்பிகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. தடித்த அட்டை மாதிரியான சாமான். அது அப்படியே நின்றால் திரும்பி வரும்போது காற்றோட்டத்தைக் கலைத்துச் சூட்டைக் கூட்டிவிடலாம். ஸ்டீபன் ராபின்சன் என்ற வீரர் நிலையத்தின் இயந்திரக் கையில் நின்றபடி ஓடத்தின் அடியில் போய், இரண்டையும் வெறும் விரல்களால் இழுத்து எடுத்தார். கையுறை போட்ட விரல்கள்தான். பறந்துகொண்டிருக்கும் ஓடத்தின் வயிற்றில் ஒருவர் நேரடியாகக் கைவைத்துப் பழுது பார்த்தது அதுவே முதல் தடவை.

சுனிதா வில்லியம்ஸ் முதன்முதலாக விண்வெளிக்குப் போனதும் டிஸ்கவரியில்தான், 2006 டிசம்பரில். ஹபிள் தொலைநோக்கியை 1990-இல் கொண்டுபோய் விட்டதும் இதுவே. ஆக மொத்தம் 365 நாள் விண்வெளியில் இருந்திருக்கிறது. கணக்காக ஓர் ஆண்டு.

பின்பக்கம் போனால் மாடல் செய்பவர்கள் கொஞ்சம் உஷாராக வேண்டும். வாலுக்குக் கீழே தெரியும் மூன்று பெரிய எஞ்சின்கள் பறந்தபோது இருந்தவை அல்ல. பறந்த எஞ்சின்களை நாசா மறு உபயோகத்துக்குக் கழற்றி வைத்துக்கொண்டது. ஓடக் காலத்து எஞ்சின்கள் நான்குதான் 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1 ராக்கெட்டைத் தூக்கின. அதனால் எஞ்சின் பகுதிக்கு மட்டும் பழைய ஏவுதளப் படங்களைப் பார்ப்பது நல்லது. மேல் நடைபாதையில் ஏறி ஓடத்தின் முதுகையும் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது இத்தனை நேரம் சொன்ன கறையும் திட்டும் பாதிக்கு மேல் மறைந்துபோய் மறுபடி கறுப்பு வெள்ளை ஓடமாகிவிடுகிறது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் மாடல் செய்யப் போகிறோம் என்பதே ஒரு முடிவுதான் என்று அங்கே தோன்றியது.

அன்று மாலைக்குள் அப்பாவுக்கு 41 குரல் பதிவுகள் அனுப்பியிருந்தேன். படங்களும் 300-க்கு மேல் எடுத்தேன், ஆனால் அவை எனக்கு. அவருக்கு வேண்டியது சொல். விடியற்காலை வரை தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அம்மா மறுநாள் என்னைத்தான் திட்டினார்.

நான் ஊர் திரும்பிய பிறகு படித்த செய்தி ஒன்று. 2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் ஒன்றில், ஒரு விண்கலத்தை டெக்சஸின் ஹூஸ்டன் நகருக்கு மாற்ற 85 மில்லியன் டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். சட்டத்தில் டிஸ்கவரி என்ற பெயர் இல்லை. ஆனால் டெக்சஸின் இரண்டு செனட்டர்களும் கேட்பது இதைத்தான். ஓடங்களை முதுகில் சுமந்து பறந்த இரண்டு போயிங் 747 விமானங்களும் இப்போது காட்சிப் பொருள்கள். பறக்க முடியாது. தரை வழியே கொண்டுபோக வேண்டுமானால் ஓடத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும், அதில் சேதம் ஏற்படும் என்று அருங்காட்சியகத்தை நடத்தும் ஸ்மித்சோனியன் எச்சரித்திருக்கிறது. ஹூஸ்டன் மக்களின் ஆதங்கம் புரிகிறது. ஒவ்வொரு பயணத்தையும் வழிநடத்திய ஊர் அது. ஆனால் சிலிகோனில் ஒட்டிய ஓடுகளையும் தைத்த விரிப்புகளையும் வெட்டிப் பிரித்து மறுபடி ஒட்டினால், நான் பார்த்த டிஸ்கவரி இருக்காது. தரையிறங்கிய மேனி என்று சொல்ல முடியாது. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கட் பண்ணி வெல்டிங் போட்ட காரை எவன் வாங்குவான்?" என்றார். அதற்கு மேல் பேச விரும்பவில்லை.

சென்ற மூன்று மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி முடிந்ததும் நேரே கிள்ளானுக்குப் போய்விடுகிறேன். பெட்டியைப் பிரித்தாயிற்று. முதல் சண்டை, எந்த ஆண்டு டிஸ்கவரி என்பது. நான் பார்த்தபடி 2011 டிஸ்கவரிதான் வேண்டும் என்றேன். ஆனால் பெட்டி 1994-இல் வாங்கியது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. நாசாவின் பெயர் புழுபோல் நெளியும் சாம்பல் நிற எழுத்துப் பாணியில் இருக்கிறது. ஓடங்களில் அந்த எழுத்தை எடுத்துவிட்டு உருண்டையான நீலச் சின்னத்துக்கு மாறியது 1998-இல். பழைய சின்னம் ஒட்டினால் மேனியும் பழைய மேனியாக இருக்க வேண்டும், இத்தனை வெளுப்பு வந்திருக்காது. "ஹபிள் கொண்டுபோன வருஷத்தைச் செய்வோம்" என்று அப்பா. "அப்போ நான் எதுக்கு அவ்வளவு தூரம் போனேன்?" என்று நான். இரண்டு வாரம் வேலை ஓடவில்லை. கடைசியில் நீலச் சின்னத் தாள் ஒன்றை இணையத்தில் 60 ரிங்கிட்டுக்கு வரவழைத்தேன். அப்பா விட்டுக்கொடுத்தார். முழு மனதோடு அல்ல.

கறுப்பு கலந்தது அவர்தான். நிஜ ஓட்டில் 4-ஆம் எண் நிறம் என்றால் மாடலுக்கு 5 அல்லது 6 அடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சின்னப் பொருளில் அசல் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும்; கொஞ்சம் வெளுப்பித்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும். கறுப்பில் வெள்ளை, பிறகு ஒரு சொட்டு பழுப்பு. நிறம் அவருக்கு இன்னும் தெரிகிறது, பெரிய பரப்பாகப் பூசிக் காட்டினால். ஒரு பழைய தட்டில் பூசி ஜன்னல் வெளிச்சத்தில் முகத்துக்கு அருகே வைத்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு சொட்டு."

ஓடுகளின் கோடு பற்றியும் முடிவு செய்தோம். நிஜ ஓடு சுமார் 15 சென்டிமீட்டர் சதுரம், அதாவது மாடலில் ஒன்றரை மில்லிமீட்டர். ஓடுகளுக்கு இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சம். மாடலில் அது தலைமுடியில் ஆறில் ஒரு பங்குகூட வராது. கீறினால் பொய். அதனால் கோடு இல்லை. நிற வித்தியாசத்தாலேயே ஓடு தெரிய வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கட்டம் வெட்டிய ஒட்டுத்தாளை அங்கங்கே ஒட்டி, கொஞ்சம் கரிய கலவை, எடுத்து, வேறிடத்தில் ஒட்டி, கொஞ்சம் வெளுத்த கலவை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளங்கை அளவு நகர்கிறது. என் முதுகு போய்விட்டது.

இறக்கை விளிம்பில் மட்டும் கோடு வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அளவுக்குச் சரியோ இல்லையோ, அங்கே கையில் தட்டுப்பட வேண்டுமாம். சென்ற வாரம் இடது இறக்கையை ஊசிமுனையால் கீறி முடித்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தை உடம்பை ஒட்டிய முனையில் வைத்து, வெளியே நகர்த்தினார். உதடு மட்டும் அசைந்தது. எட்டில் ஒரு நொடி நின்றார். பிறகு தொடர்ந்தார். முனை வரை போனார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"இருபத்தொண்ணுதான் இருக்கு, பாப்பா."

நான் விளக்கடியில் பிடித்து எண்ணினேன். 21. எங்கோ நடுவில் ஒன்றை அகலமாகக் கீறியிருக்கிறேன்.

"பட்டியை எடு" என்றார். "எல்லாத்தையும் அடைச்சுட்டு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பி."